கிளாசிக்கல் கிறிஸ்தவக் கல்வி: கொள்கையை டைம்டேபிளில் இறக்கும் முறை

எபேசியர் 6:4-ஐத் தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள்: "கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக." சிட்சை என்றதும் இன்று நம் காதில் பிரம்புச் சத்தம்தான் கேட்கிறது. அது 'சிக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கற்றல், பயிற்சி என்பதே அதன் முதல் பொருள். பவுல் கிரேக்கத்தில் எழுதிய சொல் 'பைதேயா'. கிரேக்கர்களுக்கு அது ஒரு பிள்ளையை முழுக் குடிமகனாக ஆக்கும் வளர்ப்பு. பாட்டு, உடற்பயிற்சி, ஹோமரின் காவியங்கள், பேச்சு, பழக்கவழக்கம் அத்தனையும் அதில் சேரும். ஊரறிந்த அந்தச் சொல்லை எடுத்து, அதோடு 'கர்த்தருக்கேற்ற' என்று பவுல் சேர்த்தார். பழைய கிரேக்க, ரோமானியக் கல்வி மரபைக் கிறிஸ்தவ நோக்கில் எடுத்துக்கொள்ளும் கிளாசிக்கல் கிறிஸ்தவக் கல்வியின் கொள்கை அந்தச் சேர்க்கைதான்.

இன்று அமெரிக்காவில் இந்தப் பெயரில் நடக்கும் பள்ளிகளுக்கும் ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்கும் தூண்டுதலாக இருந்தது 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஓர் உரை. பேசியவர் துப்பறியும் கதைகளால் பெயர் பெற்ற டாரதி சேயர்ஸ். பாடங்களைச் சொல்லிக் கொடுக்கிறோம், தானே கற்கும் கருவிகளைக் கொடுக்க மறந்துவிட்டோம், ஐரோப்பிய இடைக்காலத்தில் டிரிவியம் என்று பெயர் பெற்ற மூன்று அடிப்படைக் கலைகளைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார். இது நடக்கப் போவதில்லை என்றும் அதே உரையில் சொல்லிவைத்தார். 1981-இல் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற சிற்றூரில் சேயர்ஸ் சொன்ன வழியில் லோகோஸ் பள்ளி தொடங்கியது. 1990-களில் அந்த வழியில் பல பள்ளிகள் வந்தன. புரொட்டஸ்டண்ட் வட்டத்தில் தொடங்கிய இந்த அலை இப்போது கத்தோலிக்கரிடமும் ஆர்த்தடாக்ஸ் சபையாரிடமும் இருக்கிறது.

இந்த வழியில் பள்ளி நடத்த நினைப்பவர்களுக்கும், வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோருக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நல்லொழுக்கம் என்பது அன்பின் ஒழுங்கு என்றார் சபைப் பிதாவான அகஸ்டின். பெரியதைப் பெரியதாகவும் சிறியதைச் சிறியதாகவும் நேசிக்கப் பழகுவது அது. இதை அழகான எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டிவிடலாம். பிள்ளை படிப்பதென்னவோ டைம்டேபிளைத்தான். எந்தப் பாடத்துக்கு நேரம் கூடுதல், டெஸ்ட் வந்தால் எந்த வகுப்பு முதலில் ரத்தாகிறது, எதைப் பேசும்போது ஆசிரியர் முகம் மலர்கிறது என்பதை வைத்து, எது பெரிது என்று அது தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். தேர்வு வாரத்தில் காலை ஆராதனையை ரத்து செய்யும் பள்ளி, ஆராதனையைவிடத் தேர்வு பெரிது என்று கற்றுக் கொடுத்துவிட்டது. வேறு பிரசங்கம் எதுவும் எடுபடாது.

ஆகவே ஒரு வாரத்தின் டைம்டேபிளை எடுத்து ஒவ்வொரு பாடத்துக்கும் போகும் நிமிடங்களைக் கூட்டுங்கள். ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். இதற்கு விலக்கு கிடையாது. புதிய பள்ளிகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வழக்கமான பாடங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அவற்றின் தலையில் லத்தீன், தருக்கம், சேர்ந்திசை, மனப்பாடம் நான்கையும் ஏற்றுகிறார்கள். பிள்ளை இரவு 10 மணிக்கும் ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கும். ஆழமாகப் படி, பலவற்றைப் படிக்காதே என்பது ரோமானியரான இளைய பிளினியின் அறிவுரை. உயர்நிலை வகுப்புக்கு வருடத்துக்கு 12 புத்தகம் போட்டிருந்தால் 5 ஆக்குங்கள். சமூக அறிவியலைத் தனிப் பாடமாக வைக்காமல் வரலாற்றோடும் இலக்கியத்தோடும் சேர்த்தால் வாரத்தில் மூன்று பீரியட் மிஞ்சும்.

ஸ்கூல் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்க 'ஸ்கொலே'க்கு ஓய்வு என்று பொருள். நம் 'பள்ளி'யும் படுக்கை, துயிலிடம் என்ற பொருளிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழியும் சொல்லி வைத்தாற்போல ஒரே இடத்தில் போய் நிற்கின்றன.

மூன்று கட்டங்களும் அவற்றின் எல்லையும்

டிரிவியம் என்பது இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற மூன்று கலைகள். சேயர்ஸ் இவற்றைப் பிள்ளை வளரும் கட்டங்களோடு பொருத்தினார். சிறு வயதில் கிளிப்பிள்ளை போல எதையும் பாடி மனத்தில் ஏற்றிக்கொள்ளும். 12 வயதை ஒட்டி எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசும். 14-க்கு மேல் தன்னைச் சொல்ல ஏங்கும். முதல் பருவத்தில் மனப்பாடம், இரண்டாவதில் வாதம், மூன்றாவதில் பேச்சும் எழுத்தும் என்று பயிற்றலாம் என்றார். அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் 6-ஆம் வகுப்பு வரை, அதன்பின் இரண்டு மூன்று வருடம், பிறகு 12 வரை என்று பிரித்துக்கொள்கின்றன.

இது நல்ல கைக்கணக்கு. விதியாகப் பிடித்துக்கொண்டால் கெடுக்கும். இடைக்காலத்தில் இவை கலைகளாகத்தான் இருந்தன. வயதுக் கட்டங்களாக யாரும் வகுக்கவில்லை. 7 வயதுப் பிள்ளையும் "ஏன்?" என்று கேட்கும். அப்போது "நீ இன்னும் இலக்கணக் கட்டத்தில் இருக்கிறாய்" என்று வாயை மூடுவது முட்டாள்தனம். 16 வயதில் புதிதாக வேதியியல் தொடங்குகிறவனும் முதலில் குறியீடுகளை மனப்பாடம் செய்தாக வேண்டும். எந்தப் பாடத்துக்கும் உள்ளே இலக்கணம், தருக்கம், சொல்வன்மை மூன்றும் உண்டு. வயதுக்கு ஏற்ப அளவு மாறுகிறது, அவ்வளவுதான்.

காலை 40 நிமிடம்

நாள் தொடங்கும் விதத்தை மாற்றாமல் மற்றதை மாற்றிப் பயனில்லை. முதல் 25 நிமிடம் எல்லா வகுப்பும் ஒன்றாகக் கூடட்டும். ஒரு சங்கீதத்தைப் பாடவோ ஒருமித்துச் சொல்லவோ செய்யுங்கள். பிறகு விசுவாசப் பிரமாணம், வேதபகுதி, ஜெபம். பாட்டை மாதத்துக்கு ஒன்று வைத்தால் போதும். தினம் புதிய பாட்டு என்றால் ஒன்றும் நெஞ்சில் தங்காது. அறிவிப்புகளை இங்கே நுழையவிடாதீர்கள். ஒரு நாள் பேருந்து நேரத்தை அறிவித்தால் மறுவாரம் அது கூட்ட அறிக்கையாகிவிடும்.

அடுத்த 15 நிமிடம் வகுப்புக்குள் மனப்பாடம். இதற்கு ஓர் எளிய பெட்டி போதும். அட்டைகள் நிற்கும் அளவில் ஒரு பெட்டி, அதில் 41 தடுப்பு அட்டைகள்: 'தினமும்' என்று 1, 'ஒற்றை நாள்', 'இரட்டை நாள்' என்று 2, கிழமைகளுக்கு 7, தேதிகளுக்கு 31. புதிய வசனம் 'தினமும்' தடுப்பின் பின்னால் நிற்கும். தட்டாமல் சொல்ல வந்ததும் அது ஒற்றைக்கோ இரட்டைக்கோ நகரும். இன்னும் உறுதியானதும் ஒரு கிழமைக்கு. கடைசியில் ஒரு தேதிக்கு. ஆக எந்த நாளிலும் நீங்கள் திறக்க வேண்டியது நான்கு இடங்களை மட்டுமே. ஒரு தேதியின் பின்னால் ஐந்தாறு அட்டை சேர்ந்தாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். 5-ஆம் வகுப்பில் படித்த 23-ஆம் சங்கீதத்தை 11-ஆம் வகுப்பிலும் மாதம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

என்ன மனப்பாடம் செய்வது? வேதபகுதிகளை முழு அதிகாரமாக எடுங்கள். துண்டு வசனங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் மிதக்கும். வாய்ப்பாடு, வரலாற்று வரிசை, லத்தீன் விகுதிகள், நல்ல கவிதை. வினாவிடைப் போதனை உங்கள் சபை மரபைப் பொறுத்தது. பிரெஸ்பிட்டேரியன் சபையாரின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையில் 107 கேள்விகள். வாரம் ஒன்று என்றால் 36 வாரப் பள்ளி வருடங்கள் மூன்றில் முடிந்து, ஒரு வாரம் மிஞ்சும்.

பிள்ளை பொருள் தெரியாமல் ஒப்பிக்கிறதே என்ற குறை எப்போதும் வரும். சிறு வயதில் அது குறையே இல்லை. பொருள் பின்னால் வந்து உட்கார ஓர் இடம் தயாராகிறது. மனப்பாடம் செய்ததைப் பிறகு யாரும் தொடாமல் விட்டால்தான் நஷ்டம். 8-ஆம் வகுப்பு வரலாற்று ஆசிரியருக்கு, இந்தப் பிள்ளைகள் 3-ஆம் வகுப்பில் எந்த வரிசையைப் பாடினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கீழ் வகுப்பு மனப்பாடப் பட்டியலின் பிரதியை மேல் வகுப்பு ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

லத்தீன்: தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சலுகை

லத்தீன் எதற்கு என்றால், ஆங்கிலச் சொற்களின் வேர் தெரியும் என்று பதில் சொல்வார்கள். அதற்கு மட்டும் இத்தனை வருடம் செலவிடுவது வீண். ஒவ்வொரு சொல்லின் வாலையும் பார்க்காமல் ஒரு வாக்கியத்தைக்கூடக் கடக்க முடியாது என்பதே லத்தீன் தரும் பயிற்சி. அது கவனத்துக்கான உடற்பயிற்சி. அகஸ்டின் முதல் நியூட்டன் வரை மேற்கத்திய கிறிஸ்தவம் எழுதிவைத்தவற்றுள் பெரும்பங்கு அந்த மொழியில் இருப்பது அடுத்த காரணம்.

வாரத்தில் 4 நாள், நாளுக்கு 25 நிமிடம். முதல் 5 நிமிடம் விகுதிகளை எல்லோரும் சேர்ந்து முழங்குவது. மேசை என்ற பொருள் தரும் 'மென்சா' இப்படிப் போகும்: மென்சா, மென்சே, மென்சே, மென்சம், மென்சா, மென்சே, மென்சாரும், மென்சிஸ், மென்சாஸ், மென்சிஸ். அடுத்து சொற்கள், வாரத்துக்கு 10 போதும், 30 வாரத்தில் 300. மிச்ச நேரம் வாக்கியங்கள். உச்சரிப்பில், ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் பெயரைப் பழைய ரோமானிய முறையில் கிகெரோ என்பதா, சபை முறையில் சிச்செரோ என்பதா என்று முதல் நாளே முடிவெடுத்து மாற்றாமல் இருங்கள். தேவாலயப் பாடல்களும் ஜெபங்களும் பாட வேண்டியிருப்பதால் சபை உச்சரிப்பு வசதி.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை இங்கே திணறும். ஆங்கிலத்தில் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதைச் சொல்லின் இடம் காட்டுகிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு வேற்றுமை உருபு ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. 'புவெல்லா மென்சம் போர்தத்' என்றால் சிறுமி மேசையைத் தூக்குகிறாள். 'மென்சம் புவெல்லா போர்தத்' என்று மாற்றினாலும் பொருள் அதுவே. மேசையில் 'ஐ' ஒட்டிக்கொண்டிருப்பது போல மென்சத்தில் 'ம்' ஒட்டியிருக்கிறது. வினை கடைசியில் வருவதும் அந்நியமாகத் தோன்றாது. நம் 3, 5, 7-ஆம் வேற்றுமைகள் செய்யும் வேலையை லத்தீனில் பெரும்பாலும் ஒரே வேற்றுமை பார்த்துக்கொள்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இத்தாலியில் இயேசு சபைப் பள்ளியில் இதே கல்வியைப் பெற்று வந்த வீரமாமுனிவர், தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார்; குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். அவர் வந்த பாதையில் நம் பிள்ளைகள் எதிர்த்திசையில் போகிறார்கள்.

கெடுவது எங்கே? அட்டவணையைத் தூக்கத்தில்கூடச் சொல்லும் பிள்ளை, வாக்கியத்தில் 'மென்சே'யைப் பார்த்ததும் விழிக்கும். அது மேசையினுடையதா, மேசைக்கா, மேசைகளா? முழக்கம் வரிசையில் மட்டும் பழகியதால் வந்த வினை. முழங்கி முடித்ததும் கரும்பலகையில் ஐந்து வடிவங்களைத் தாறுமாறாக எழுதி, ஒவ்வொன்றும் என்னென்ன ஆகலாம் என்று கேளுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தால் வித்தியாசம் தெரியும். இன்னொரு தவறு, லத்தீன் தெரியாத ஆசிரியரை வீடியோவின் பக்கத்தில் உட்கார வைப்பது. அவர் பிள்ளைகளைவிட ஆறு வாரமாவது முன்னால் படித்துக்கொண்டு போகட்டும். முன்னால் போகாவிட்டால் அடுத்த வருடம் தொடங்குங்கள்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல்

சிறு வகுப்புகளில் வாசிப்புக்குப் பின் கேள்வித்தாள் வேண்டாம். பத்து நிமிடம் ஒரே ஒருமுறை வாசியுங்கள். பிறகு ஒரு பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்லட்டும். நடுவில் திருத்தக் கூடாது. சொல்லி முடித்த பிறகு மற்றவர்கள் விட்டுப்போனதைச் சேர்ப்பார்கள். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் வலியுறுத்திய இந்த முறை செலவில்லாதது, பிள்ளையின் கவனத்தைச் சட்டென்று கூட்டுவது. ஒன்றுமே சொல்ல வரவில்லை என்றால் நீங்கள் வாசித்த பகுதி நீளம், பாதியாக்குங்கள்.

புறமத நூல்களை என்ன செய்வது

கிரேக்க அறிவின் ஏதென்ஸுக்கும் விசுவாசத்தின் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்ட கேள்வியைப் பெற்றோர் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். 'கிறிஸ்தவப் பள்ளியில் ஹோமர் எதற்கு?' பதில் தயாராக இருக்கட்டும். இளைஞருக்கு எழுதிய சபைப் பிதா பெரிய பேசில், தேனீயைப் போலப் பூக்களைத் தேர்ந்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு பறந்துவிடச் சொன்னார். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து பொன்னைக் கொண்டுவந்தது போலப் புறமதத்தாரின் உண்மைகளை எடுத்துக்கொள்ளலாம் என்றார் அகஸ்டின். அந்தப் பொன்னிலிருந்து ஆசரிப்புக் கூடாரமும் வந்தது, கன்றுக்குட்டியும் வந்தது. யார் கையில் எதற்காக உருகுகிறது என்பதைப் பார்த்துக்கொள்வது ஆசிரியர் வேலை.

நடைமுறைக்கு ஹோமரின் காவியமான ஒடிசியின் 9-ஆம் காண்டத்தை எடுத்துக்கொள்வோம். 9-ஆம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். ஒடிசியஸ் ஒற்றைக்கண் பாலிபீமஸிடம் தன் பெயர் 'யாருமில்லை' என்று ஏமாற்றி, அவன் கண்ணைக் குருடாக்கி, ஆடுகளின் வயிற்றடியில் தொங்கித் தப்புகிறான். கப்பல் விலகும்போது சும்மா இருக்காமல் தன் உண்மைப் பெயரைக் கத்துகிறான். பாலிபீமஸ் தன் தகப்பனான கடல்தெய்வத்திடம் அந்தப் பெயரைச் சொல்லிச் சபிக்கிறான். கேள்வி ஒன்றே ஒன்று: ஒடிசியஸ் தன் பெயரைக் கத்தியிருக்க வேண்டுமா?

பன்னிரண்டு பேருக்கு மேல் போகாமல் வட்டமாக உட்காருங்கள், 45 நிமிடம். கரும்பலகையில் மூன்று பத்தி: சரி, தவறு, யோசிக்க வேண்டியது. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து சேரும்வரை யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சொல்வதற்கு வரியைக் காட்ட வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர் பத்து விநாடி வாயைத் திறக்கக் கூடாது. கடினமான விதி இதுதான். இரண்டு பேரே பேசிக்கொண்டிருந்தால் ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்து, பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் போடச் சொல்லுங்கள்.

இங்கே ஆர்வக் கோளாறு எட்டிப் பார்க்கும். முதல் ஐந்து நிமிடத்திலேயே "அகந்தை கூடாது, பிள்ளைகளே" என்று முடித்துவிட்டால் ஹோமரையும் படிக்கவில்லை, வேதத்தையும் படிக்கவில்லை. முதலில் கிரேக்கனின் நியாயத்தை முழுதாகக் கேளுங்கள். பெயரோடு சேர்ந்த புகழ்தான் அவனுக்குச் சாவைத் தாண்டி மிஞ்சுவது; 'யாருமில்லை'யாகத் தப்புவது அவனுக்குப் பாதிச் சாவு. இதை வகுப்பு உணர்ந்தபின், கடைசிப் பத்து நிமிடத்தில் பிலிப்பியர் 2-ஐத் திறக்கச் சொல்லுங்கள். தம்மைத்தாமே வெறுமையாக்கினவருக்கு எல்லா நாமத்திற்கும் மேலான நாமம் கொடுக்கப்படுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மணி அடிக்கட்டும்.

எதிர்த்துப் பேசும் வயதுக்குத் தருக்கம்

7, 8-ஆம் வகுப்பில் வாரம் மூன்று பீரியட். முதலில், வாதத்தின் வடிவம் சரியாக இருப்பதும் அதில் உள்ள கூற்றுகள் உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்று புரியவையுங்கள். ஒரு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. "எல்லா நாய்களுக்கும் நான்கு கால், பூனைக்கும் நான்கு கால், ஆகவே பூனை ஒரு நாய்." இரண்டு கூற்றும் உண்மை, முடிவு பொய், எங்கே ஓட்டை? இணைக்கும் சொல்லான 'நான்கு கால் உள்ளவை' என்ற கூட்டத்தை முழுதாகப் பற்றி எந்த வரியும் பேசவில்லை. இதைப் பிள்ளைகளே வட்டம் வரைந்து கண்டுபிடிக்கட்டும்.

பிறகு போலிவாதங்கள், வாரத்துக்கு இரண்டு. ஆளைத் தாக்குவது, எதிராளி சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி அடிப்பது, எல்லோரும் செய்கிறார்கள் என்பது. விளம்பரத்திலும் தேர்தல் பேச்சிலும் தேடச் சொல்லுங்கள். ஒன்றாவது, பிள்ளை தானே ஆதரிக்கும் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள்.

இந்த வயதில் தருக்கம் கற்ற பிள்ளை வீட்டில் தாங்க முடியாததாகிவிடும். "அம்மா, நீங்கள் சொல்வது போலிவாதம்." இதற்கு ஒரே விதி: எதிராளியின் கருத்தை, அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே குறை சொல்லலாம். அயலானைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு வகுப்பறையில் இதைவிட நேரடியான பயிற்சி கிடைக்காது. நற்பண்பு என்று தனிப் பீரியட் வைக்காமல் பாடத்துக்குள்ளேயே அதைப் பழக்குவது இப்படித்தான்.

எழுத்து: எட்டுத் தலைப்பில் ஒரு கட்டுரை

"உன் கருத்தை எழுது" என்றால் பிள்ளை பேனாவைக் கடிக்கும். பழங்காலத்தார் அப்படி விடவில்லை. புரோஜிம்னாஸ்மாட்டா என்ற 14 பயிற்சிகளைப் படிப்படியாக வைத்தார்கள். நீதிக்கதையைத் திருப்பி எழுதுவதில் தொடங்கி, ஒரு சட்டத்தை ஆதரித்தோ எதிர்த்தோ வாதிடுவதில் முடியும். 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவின் அஃப்தோனியுஸ் தொகுத்த வரிசை பல நூற்றாண்டு ஐரோப்பியப் பள்ளிகளில் புழங்கியது.

நடுநிலை வகுப்புக்கு அதில் மூன்றாவதான 'கிரேயா' மிகவும் பயன்படும். ஒருவர் சொன்ன வாக்கை எட்டுத் தலைப்பில் விரிப்பது. அஃப்தோனியுஸ் காட்டிய வாக்கையே எடுப்போம்: கல்வியின் வேர் கசப்பு, கனி இனிப்பு என்று ஐசோக்ரடீஸ் சொன்னார். தலைப்புக்கு மூன்று நான்கு வாக்கியம் போதும்.

1. சொன்னவரைப் புகழ்தல்: ஏதென்ஸின் புகழ்பெற்ற ஆசிரியர் ஐசோக்ரடீஸ் என்று தொடங்கலாம்.
2. வாக்கைத் தன் சொல்லில் சொல்லுதல்.
3. காரணம்: வேர் ஏன் கசக்கிறது? விடியலில் எழுதல், திருத்தப்படுதல், தவறிப் போதல்.
4. எதிர்மறை: கசப்பைத் தவிர்த்தவனுக்கு என்ன மிஞ்சும்?
5. ஒப்புமை: உழவனும் விதையும்.
6. எடுத்துக்காட்டு: வாயில் கூழாங்கற்களை வைத்துப் பேசிப் பழகியதாகப் புளுட்டார்க் எழுதும் ஏதென்ஸின் பேச்சாளர் டெமஸ்தனீஸ்.
7. சான்றோர் வாக்கு: எபிரெயர் 12:11, "எந்தச் சிட்சையும் தற்காலத்தில் சந்தோஷமாய்க் காணாமல் துக்கமாய்க் காணும்; ஆகிலும் பிற்காலத்தில் அதில் பழகினவர்களுக்கு அது நீதியாகிய சமாதான பலனைத் தரும்." இங்கேயும் மூலத்தில் இருப்பது பைதேயாதான், கனியும் கூடவே வருகிறது.
8. முடிப்பு: ஒரே வாக்கியம்.

நாளுக்கு இரண்டு தலைப்பு, நான்கு நாளில் நகல், ஐந்தாம் நாள் திருத்தம், அடுத்த வாரம் வாய்விட்டுப் பேசுதல். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுபோல் ஆகிவிடுவது வழக்கமான பிழை. காரணத்தில் கற்பவனைப் பற்றியும் எதிர்மறையில் கல்லாதவனைப் பற்றியும் மட்டும் எழுதச் சொன்னால் பிரிந்துவிடும். எட்டுத் தலைப்பும் சட்டம் போல இறுகிவிடுகிறதே என்றால், ஆறேழு கட்டுரைக்குப் பிறகு இரண்டு தலைப்பைப் பிள்ளையே விட்டுவிடலாம் என்று அனுமதியுங்கள். எதை விடுகிறது, ஏன் என்று கேட்டால் சொல்வன்மைப் பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கணிதமும் மற்றவையும்

குவாட்ரிவியம் என்ற நான்கு எண்கலைகள் (எண்கணிதம், வடிவியல், இசை, வானியல்) பல பள்ளிகளில் பெயரளவில்தான் இருக்கின்றன. குறைந்தபட்சம் இதைச் செய்யலாம்: கவராயமும் அளவுகோலும் மட்டும் கொடுத்து யூக்ளிடின் முதல் தேற்றமான சமபக்க முக்கோணத்தை 8-ஆம் வகுப்பு தானே நிறுவட்டும். ஒரு மாதம் தினமும் நிலா நிற்கும் இடத்தை நோட்டில் வரையட்டும். எல்லோரும் நான்கு குரலில் பாடட்டும்.

மார்க் எதற்கு, எதற்கு இல்லை

விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் என்ற நான்கும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்றும் பள்ளியின் குறிக்கோள் என்று எழுதிவிட்டு, அவற்றுக்கு மார்க் போடும் அபத்தம் சில இடங்களில் நடக்கிறது. 'துணிவு: பி பிளஸ்' என்று ரிப்போர்ட் கார்டில் பார்த்த பிள்ளை நடிக்கக் கற்றுக்கொள்ளும். லத்தீன் விகுதிக்கு மார்க் போடுங்கள். குணத்தைப் பற்றிப் பெற்றோருக்கு வருடத்துக்கு இரண்டு முறை கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு. வளர்ப்பின் பொறுப்பு பெற்றோருடையது, பள்ளி அவர்கள் சார்பில் நிற்கிறது என்ற கொள்கைக்கும் அதுவே பொருந்தும்.

கடைசி வருடத்தில் பல பள்ளிகள் ஓர் ஆய்வுரை கேட்கின்றன. மாணவர் ஒரு கேள்வியை எடுத்து, வருடம் முழுக்க உழைத்து, 15 அல்லது 20 நிமிடம் பேசி, பிறகு ஆசிரியர் குழுவின் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். தலைப்பை முந்தைய கோடை விடுமுறைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். "செயற்கை நுண்ணறிவு" என்பது தலைப்பாகாது. "ஒரு சபை தன் பிரசங்கத்தை இயந்திரத்தால் எழுதலாமா" என்பது ஆகும். ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாத எதையும் திருப்பி அனுப்புங்கள்.

தொடங்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே ஜூன் மாதத்தில் தொடங்காதீர்கள். முதல் ஆறு வாரம் காலைக் கூடுகையும் மனப்பாடப் பெட்டியும் மட்டும். ஏழாவது வாரத்திலிருந்து திருப்பிச் சொல்லுதல். வருடத்தின் இரண்டாம் பாதியில் லத்தீன், அதுவும் ஆசிரியர் முன்னால் படித்திருந்தால். கிரேயாவும் வட்ட உரையாடலும் இரண்டாம் வருடம். இடையில் ஒரு பிள்ளை பள்ளி மாறி 7-ஆம் வகுப்பில் வந்து சேர்ந்தால், மனப்பாடப் பட்டியல் முழுவதையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். லத்தீனின் முதல் அட்டவணை, 23-ஆம் சங்கீதம், வாய்ப்பாடு இந்த மூன்றை மட்டும், பக்கத்தில் ஒரு மூத்த மாணவரை உட்கார வைத்து, ஒரு பருவத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.